ஏரி இல்லாத மலை

ஸ்ரீவில்லிபுத்தூரின் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலைத் தாண்டி மேற்கே கொஞ்சம் நடந்தால் மலை முழுதாகத் தெரியும். காலையில் நீலமாக இருக்கும், உச்சி வெயிலில் சாம்பலாகிவிடும், ஐப்பசிச் சாயங்காலங்களில் பாதி மேகத்துக்குள் போய்விடும். மலையைப் பார்ப்பதற்கென்று இந்த ஊரில் யாரும் தனியாக வெளியே வருவதில்லை. மழைக்காகப் பார்ப்பார்கள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால், “மலையில இறங்கிருச்சு, ராத்திரிக்குள்ள ஓடையில தண்ணி வந்துரும்” என்பார்கள். அத்தோடு மலையைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

அந்த மலை 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. இந்தியாவின் 51ஆவது காப்பகம், தமிழ்நாட்டின் 5ஆவது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு வெகுகாலம் முன்பே, 1988 முதல், அதன் ஒரு பகுதி சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக இருந்து வருகிறது. இவ்வளவு இருந்தும், காட்டுக்குப் போகலாமா என்று யாரிடமாவது கேட்டால், “அங்கே பார்க்க என்ன இருக்கு?” என்ற பதில்தான் வருகிறது. வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிறந்து வளர்ந்தவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். தேக்கடிக்குக் கூப்பிட்டால் இந்தக் கேள்வி எழாது. அங்கே ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, கரையில் யானை வந்து நிற்கும். எங்கள் பக்கத்து மலையில் ஏரி இல்லை.

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அடர்ந்த காட்டுக்குள் கண்ணுக்கு வேலை குறைவு. பத்து அடிக்கு அப்பால் இலைதான். விலங்குகள் நம்மைப் பார்த்துவிட்டு விலகிப் போயிருக்கும், நமக்கு அவற்றின் காலடித் தடம்கூடக் கிடைக்காது. ஏரிக்கரைக்கு வந்ததும் காடு திறக்கிறது. தூரம் தெரிகிறது, வானம் தெரிகிறது, தாகத்துக்கு வரும் உயிர்கள் தெரிகின்றன. உலகெங்கும் தேசியப் பூங்கா என்றதும் ஓர் ஏரியின் படம் மனதில் எழுவது இதனால்தான்.

அந்த ஏரிகளில் தனிப் பெருமை உடையவை எரிமலை வாயில் தேங்கியவை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மசாமா என்றொரு எரிமலை ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்து, தன் உச்சியே உள்ளுக்குள் சரிந்து ஒரு பெரும் பள்ளமானது. பல நூறு ஆண்டுகள் மழையும் பனியும் விழுந்து அந்தப் பள்ளம் நிரம்பியது. இன்று அது கிரேட்டர் ஏரி. ஆழம் 594 மீட்டர். 1902 முதல் அதைச் சுற்றித் தேசியப் பூங்கா. அந்த ஏரிக்குள் எந்த ஆறும் வந்து சேர்வதில்லை, அதிலிருந்து எந்த ஆறும் புறப்படுவதில்லை. வானத்திலிருந்து விழுவது மட்டுமே வரவு, ஆவியாவதும் பாறையில் கசிவதும் மட்டுமே செலவு. சுற்றியுள்ள காட்டிடம் அந்த ஏரிக்குப் பெரிய கடன் ஏதும் கிடையாது. கிண்ணமும் வானமும் போதும்.

இன்னும் பெரியது சுமத்ராவின் தோபா. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த வெடிப்பில் உண்டான பள்ளத்தில், இன்று 100 கிலோமீட்டர் நீளத்துக்கு நீர் நிற்கிறது. வெடித்தபோது எழுந்த சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி நம் துணைக்கண்டத்தின் மீதும் படிந்தது. ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் அந்தச் சாம்பல் படலத்தை அகழாய்வாளர்கள் தோண்டிக் கண்டிருக்கிறார்கள். அதன் மேலும் கீழும் மனிதர் செதுக்கிய கற்கருவிகள் கிடைத்தன. வானமே இருண்டிருக்கக்கூடிய அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும் இங்கே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, ஏரி என்பது வெறும் அழகுக் காட்சி அல்ல என்பது உறைக்கிறது. அது பூமியின் ஒரு பெரும் நிகழ்ச்சிக்குச் சாட்சி.

எங்கள் மலைக்கு அப்படி ஒரு வாய் இல்லை. இங்கே எரிமலை கிடையாது. இது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்று நிலவியலாளர்கள் சொல்லும் பாறை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை அது. அந்த வெப்பம் பிளந்துகொண்டு வெளியே வரவில்லை, உள்ளேயே தணிந்தது. பின்னர் மேலே இருந்ததெல்லாம் அரித்துக் கரைந்தபின் பாறை வெளிப்பட்டது. இத்தகைய பாறைக்குத் தண்ணீரைக் குடிக்கும் குணம் குறைவு. மணற்கல்லைப் போல நீரை உள்ளுக்கிழுத்து வைக்காது. விரிசல்களில் கொஞ்சம் இறங்கும். மிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டியது பாறைமேல் படிந்திருக்கும் மண். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது மரம், புல், புதர். எரிமலை ஏரியைத் தாங்குவது அதன் கல் கிண்ணம் என்றால், எங்கள் மலையில் அந்தக் கிண்ணத்தின் வேலையைச் செய்ய வேண்டியது காடு.

இதைத் தேக்கடிக்குப் போனபோதுதான் நன்றாக உணர்ந்தேன். பெரியாறு ஏரியில் படகு கிளம்பியதும் எல்லோர் கண்ணும் கரையில் யானையைத் தேடின. என் கண் தண்ணீருக்கு நடுவே நின்ற பட்ட மரங்களில் நின்றுவிட்டது. பட்டை உரிந்து, கிளை முறிந்து, வெளுத்துப்போய் நிற்கும் மரங்கள். அவற்றின் முனையில் நீர்க்காகங்கள் இறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தன. பெரியாற்றின் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியபோது அதோடு மூழ்கிய காட்டின் மிச்சம் அந்த மரங்கள். மூழ்கி 125 ஆண்டுக்கு மேல் ஆகியும் வயிரம் பாய்ந்த கட்டை நின்றுகொண்டிருக்கிறது.

அந்த ஏரியின் வரலாறு நம் பக்கத்தாருக்குத் தெரிந்ததே. 1886 அக்டோபரில் திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 1887இல் அணை வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிக் காரையும் கருங்கல்லும் கொண்டு, மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போன ஒரு காட்டுக்குள், ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் அணை எழுந்தது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்ந்தது. மதுரைச் சீமையின் வயல்கள் இன்றும் அந்த நீரை நம்பித்தான் இருக்கின்றன. பென்னிகுயிக் படத்துக்கு விளக்கேற்றும் வீடுகள் தேனி மாவட்டத்தில் இருப்பதில் வியப்பு இல்லை.

அந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி அதற்குப் பிறகு நடந்தது. ஏரி நிரம்பிய நான்கே ஆண்டில், 1899இல், அதைச் சுற்றியிருந்த காடு காப்புக் காடாக்கப்பட்டது. 1934இல் திருவிதாங்கூர் மன்னர் அங்கே நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயத்தை ஏற்படுத்தினார். 1950இல் அது விரிந்து பெரியாறு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1978இல் புலிகள் காப்பகம், 1982இல் அதன் மையப்பகுதி தேசியப் பூங்கா. ஏரி வந்தது, அந்த ஏரியைக் காக்கக் காட்டைக் காக்க வேண்டியிருந்தது. மேலே காடு போனால் மண் சரிந்து ஏரி தூர்ந்துபோகும் என்பது அன்றைய அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது. ஒரு பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடித்த ஏரி, சுற்றியிருந்த காட்டைக் காப்பாற்றியும் கொடுத்திருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்தே நான் தேக்கடியைப் பார்க்கிறேன். பட்ட மரங்களுக்காக வருந்துகிறேன், கரைக்காட்டுக்காக நன்றி சொல்கிறேன்.

ஆனால் இதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஏரி ஒன்று இருந்தால்தான் காட்டைக் காக்கத் தோன்றுமா? ஏரி இல்லாத சரிவுக்கு யார் பேசுவார்கள்?

தேக்கடியின் காடும் எங்கள் காடும் வேறு வேறல்ல. மாநில எல்லைக் கோடு முகட்டின் மேல் ஓடுகிறதே தவிர, யானைக்கும் புலிக்கும் அது ஒரே காடு. பெரியாறு காப்பகத்தின் மிக உயரமான சிகரம் கோட்டமலை, 2,019 மீட்டர். அது எங்கள் ஊருக்கு நேர் மேற்கில்தான் இருக்கிறது. இந்த மலைத்தொகுதியில் விழும் மழை மூன்று பக்கம் பிரிகிறது. மேற்குச் சரிவில் விழுந்தது பெரியாற்றில் கலக்கிறது. வடக்கே வருசநாட்டுப் பக்கம் விழுந்தது வைகையாகப் பிறக்கிறது. கிழக்கே விழுந்தது காட்டாறுகளாக எங்கள் ஊர்களுக்கு இறங்கி, கண்மாய்களை நிரப்பி, மிஞ்சியது வைப்பாற்றோடு மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. தேக்கடியில் அணைகட்டித் திருப்பிய நீரும், வருசநாட்டு மலையில் தானாகப் பிறந்த நீரும் வைகை அணையில் சந்திக்கின்றன. ஒரே மலையின் இரண்டு முதுகிலிருந்து இறங்கிய நீர், மனிதர் குடைந்த வழியிலும் மலை தந்த வழியிலும் வந்து, ஓரிடத்தில் சேர்கிறது.

மூன்று சரிவிலும் கிழக்குச் சரிவு வறண்டது. தென்மேற்குப் பருவமழையை மேற்கு முகம் வாங்கிக்கொள்கிறது. எங்களுக்குச் சாரலும் காற்றும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே எங்கள் கணக்கு. சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் மழை, ஆண்டு முழுவதற்கும் ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் காட்டின் வேலை தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். அணில் சரணாலயத்தின் பரப்பு 480 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் மேல் ஒரே ஒரு சென்டிமீட்டர் பெய்தாலும் 480 கோடி லிட்டர் தண்ணீர். மொட்டைப் பாறையில் விழுந்தால் அந்தத் தண்ணீர் சில மணி நேரத்தில் அடிவாரத்தைத் தாண்டிவிடும், போகிற வழியில் மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு போகும். மலைச் சரிவில் நீரின் வேகம் என்ன செய்யும் என்பதை 2015 மே மாதம் சதுரகிரி மலைக்கோயில் வழியில் பார்த்தோம். திடீரென்று பெருகிய வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் சிலர் இறந்தார்கள். அதே மழை இலைமேல் விழுந்து, கிளைவழி இறங்கி, சருகில் சொட்டி, மண்ணுக்குள் இறங்கினால் அது வெளியே வர மாதக்கணக்கில் ஆகும்.

அப்படி வெளியே வரும் நீரை எங்கள் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் பார்க்கலாம். மாசி மாதம் அங்கே ஓடையோரம் போய் நின்றிருக்கிறேன். மழை நின்று பல வாரங்கள் ஆகியிருந்தன. அடிவாரத்துத் தோட்டங்களில் புழுதி பறந்தது. ஓடையில் கணுக்காலளவு தண்ணீர், பளிங்காக, உருண்டைக் கற்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நீர்மருது மரங்கள். அவற்றின் வேர்கள் பாறைகளைச் சுற்றி வளைத்து இறுக்கிப் பிடித்திருந்தன. மரத்தடியில் உட்கார்ந்து சருகைக் கையால் விலக்கினேன். மேலடுக்குச் சருகு காய்ந்து நொறுங்கியது. அதற்குக் கீழே இருந்தது நொறுங்கவில்லை, துணி போலத் துவண்டது. அதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை ஓடியிருந்தது. இன்னும் கீழே இலை என்று அடையாளம் தெரியாத கறுத்த மண். கையை அதில் வைத்தால் ஈரச் சாக்கு சுற்றிய பானையைத் தொட்டது போலக் குளிர்ந்தது. கரைச் சரிவின் அடியில் ஒரு வேரின் நுனியிலிருந்து துளி துளியாக நீர் சொட்டி ஓடையில் சேர்ந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் மேலே எங்கோ விழுந்த மழை அது.

நாங்கள் தேடிய ஏரி இதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. அது பரந்து கிடக்கவில்லை. மலை முழுக்க மண்ணுக்குள்ளும் வேருக்கிடையிலும் பாறை விரிசலிலும் நிற்கிறது. கண்ணால் மொத்தமாகப் பார்க்க முடியாது, கையால் தொடலாம்.

அந்தக் கரை மரங்களின் மேல்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைவிடப் பல மடங்கு பெரியது. வால் மட்டுமே உடலளவு நீளம், நரையோடிய முடி. பின்னங்கால்களால் கிளையைக் கவ்விக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கால்களில் புளியம்பழத்தைப் பிடித்துக் கொறிக்கும். தரைக்கு இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவியே வாழ்நாளைக் கழிக்கும். அதனால் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அதற்கு வாழ்வு. வரிசையில் இரண்டு மூன்று மரம் வெட்டுப்பட்டால் அதன் பாதை அறுந்துபோகும். இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில இடங்களிலும் மட்டுமே இருக்கும் உயிர் இது. அணிலுக்கு வேண்டிய கிளைத் தொடர்ச்சிதான் மண்ணுக்கு நிழல் தருகிறது. அந்த நிழலில்தான் சருகு மக்குகிறது, அந்த மக்கில்தான் நீர் தங்குகிறது. அணிலுக்காக 1988இல் காத்த காடு, கீழே இருக்கும் ஊர்களுக்காகக் காத்த காடும்தான்.

கீழே இருப்பவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும். செண்பகத்தோப்பின் நீர் ஸ்ரீவில்லிபுத்தூரின் குடிநீருக்கு உதவுகிறது, கண்மாய்களுக்கு வருகிறது. அய்யனார் கோயில் வழியாக இறங்கும் முடங்கியாறு ராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. வடக்கே வத்திராயிருப்புப் பக்கத்து நெல்வயல்களுக்குப் பிளவக்கல்லின் பெரியாறு அணையும் (தேக்கடிப் பெரியாறு வேறு) கோவிலாறு அணையும் நீர் தருகின்றன. கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் ஆண்டில் இந்த ஊர்களின் முகமே மாறிவிடும். ஆனால் மறுகால் பாய்வதைப் பார்க்கக் கூட்டமாகப் போகும் நாங்கள், அந்த நீர் புறப்பட்ட சரிவை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

பார்க்காததன் விலை சரிவில் தெரிகிறது. மாசியிலிருந்து சித்திரை வரை காட்டுத் தீ. சருகு எரிந்தபின், செண்பகத்தோப்பில் நான் கையால் விலக்கிப் பார்த்த அந்த அடுக்குகள் போய், வெந்த மண் மட்டும் மிஞ்சும். அடுத்த மழையில் அது தண்ணீரோடு இறங்கி ஓடையை மூடும். உண்ணிச்செடி புகுந்த இடத்தில் நாட்டு மரங்களின் கன்று எழுவதில்லை. கோயில்களுக்குப் போகும் வழிகளில் பிளாஸ்டிக் பாட்டிலும் துணியும் ஓடைக் கற்களுக்கு நடுவே சிக்கிக் கிடக்கின்றன. காட்டழகர் கோயிலுக்கும் சதுரகிரிக்கும் நம்பிக்கையோடு மலையேறுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஊற்று நீரைத் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொள்கிறவர்கள் அவர்கள். அந்த ஊற்றைக் காப்பதும் அதே பக்தியின் பகுதிதான் என்று கோயில்களே சொல்ல வேண்டும்.

காப்பகம் என்றதும் அடிவாரத்தில் எழும் அச்சங்களையும் ஒதுக்கக் கூடாது. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பக்கமும் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் தலைமுறைகளாக இந்தச் சரிவை அறிந்தவர்கள். எந்த ஊற்று சித்திரையிலும் வற்றாது, எந்தப் பள்ளத்தில் யானை தண்ணீருக்கு வரும் என்பதை வரைபடம் இல்லாமல் சொல்லக் கூடியவர்கள். 2006இன் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அளித்த உரிமைகளைக் காப்பகத்தின் பெயரால் சுருக்குவது அநியாயம் மட்டுமல்ல, காட்டுக்கே நட்டம். காட்டைக் கண்ணாலும் காலாலும் அறிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டைக் காக்க முடியாது.

“இங்கேயும் ஒரு பெரிய அணை கட்டிப் படகு விட்டா கூட்டம் வரும், ஊர் முன்னேறும்” என்று டீக்கடைப் பேச்சில் கேட்டிருக்கிறேன். அந்த ஆசையின் பின்னால் வேலையும் வருமானமும் வேண்டும் என்ற தவிப்பு இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பெரியாற்றில் நிற்கும் பட்ட மரங்களை நினைத்துப் பாருங்கள். ஓர் ஏரிக்காக ஒரு பள்ளத்தாக்கு மூழ்கியது. மதுரைச் சீமையின் பசிக்கு அது தேவைப்பட்டது. வேடிக்கைக்காக அதை இன்னொரு முறை செய்ய எந்த நியாயமும் இல்லை. ஏற்கெனவே மண்ணுக்குள் நிற்கும் ஏரியைக் கலைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஏரி ஒன்றை வாங்கிக்கொள்வது நட்ட வியாபாரம்.

எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தேக்கடிக்குச் சுற்றுலா போகிறார்கள். போகட்டும், அந்த ஏரியை அவர்கள் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு முன், மாசியில் ஒரு நாள், வனத்துறையின் அனுமதியோடு அவர்களைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கேட்கிறேன். பளியர் ஒருவர் வழிகாட்டட்டும், அந்த வேலைக்கு உரிய கூலி கொடுக்கட்டும். பிள்ளைகள் சருகை விலக்கி மண்ணைத் தொடட்டும், மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் ஏன் ஓடுகிறது என்று கேட்கட்டும். பதிலைத் தொட்டுப் பார்த்த பிள்ளை பெரியவளாகி ஒன்றிய அலுவலகத்திலோ நகராட்சியிலோ கையெழுத்துப் போடும் இடத்துக்கு வரும்போது, மலையில் ஒரு மரம் வெட்டும் கோப்பு அவள் மேசைக்கு வந்தால், அதில் எத்தனை மாதத் தண்ணீர் இருக்கிறது என்று யோசிப்பாள். ஏரி இல்லாத மலைக்குப் பேச அப்படிச் சிலர் எங்களுக்கு வேண்டும்.